சில்லு வரையும் வித்தை

குறைகடத்தியின் பௌதிகம் முதல் உற்பத்திச்சாலையின் நுணுக்கம் வரை அனைத்தையும் கரைத்துக் குடித்தவனே சில்லு வடிவமைப்பைத் தொடலாம் என்றிருந்த காலத்தில், 1978-ஆம் ஆண்டு மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், மின்பொறியியல் பயின்றோரையும் கணினியியல் பயின்றோரையும் ஒரே வகுப்பில் அமர்த்தி அவ்வித்தையைப் போதித்தார் லின் கான்வே அம்மையார். உற்பத்திச்சாலைக்கு உற்பத்திச்சாலை மாறும் அளவு விதிகளை ‘லாம்டா’ என்னும் ஒரே அலகின் மடங்குகளாக அவரும் அவருடன் இணைந்து உழைத்த கார்வர் மீடும் சுருக்கியிருந்தமையால், தடத்தின் அகலமும் இடைவெளியும் இத்தனை லாம்டா என்றறிந்த மாத்திரத்திலேயே மாணவன் வரையத் தொடங்கிவிடலாயிற்று. இதற்காகச் சில சதுர மைக்ரான்கள் வீணாவதைக் கண்டு முகம் சுளித்த நிபுணர்களும் உண்டு. (நிபுணர்கள் எதற்குத்தான் முகம் சுளிக்கவில்லை?) எனினும், பாடத்தினும் மேலான ஆசான், தான் வரைந்ததே சில வாரங்களில் சிலிக்கானாகத் திரும்பிவந்து, இயங்கியோ இயங்காமலோ மாணவனுக்குத் தீர்ப்புரைத்ததுதான் என்பேன். மறு ஆண்டே 12 பல்கலைக்கழகங்களின் 82 வடிவங்கள், ஆர்ப்பாநெட் வலையமைப்பின் வழியே வந்துசேர்ந்து, பொதுவான சிலிக்கான் தகடுகளில் ஒருங்கே உருப்பெற்றன. அம்முயற்சியே 1981-இல் ‘மோசிஸ்’ என்னும் நிலையான சேவையாயிற்று.