அடையாளமும் ஆளும்

ஒருவன் தன்னைத் தான் அறிந்திருப்பது ஒன்று. தான் இன்னான் என்பதைப் பிறருக்கு நிறுவுவது வேறொன்று. முன்னதற்குச் சான்று வேண்டியதில்லை. பின்னது சான்றின்றி அமைவதில்லை. சான்று கைவசம் இருக்கும்வரை இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தூரம் எவர் கண்ணுக்கும் புலப்படுவதில்லை. அது தொலைந்த அன்றுதான், தன் வீட்டு வாயிலிலேயே தான் அந்நியனாக நிற்பதை மனிதன் உணர்கின்றான்.

இன்றைய வாழ்வில் இந்நிலை மிகச் சாதாரணமான ஒரு நிகழ்ச்சியினால் நேர்ந்துவிடுகிறது. தொலைபேசி இலக்கம் ஒன்று கைநழுவிப் போவதே அந்நிகழ்ச்சி. மின்னஞ்சல், புகைப்படங்கள், கடிதப் போக்குவரத்து, பரீட்சை விண்ணப்பம், பணப் பரிமாற்றம் ஆகிய யாவும் இணையக் கணக்குகளுள் அடங்கியுள்ளன. புதிய கருவி ஒன்றிலிருந்து கணக்கைத் திறக்க முயல்பவனிடம் கடவுச்சொல் மாத்திரம் கேட்கப்படுவதில்லை. முன்னர் பதிந்துவைத்த இலக்கத்திற்கு அனுப்பப்படும் இரகசிய எண்ணும் கேட்கப்படுகிறது. இலக்கம் இல்லையேல் எண் வந்து சேராது; எண் இல்லையேல் கதவு திறவாது. அந்தக் கடிதங்களை எழுதியவனும், அப்படங்களில் உள்ளவனும் அவனே. ஆயினும் அவன் உரியவன் அல்லன் என்பதே பொறியின் தீர்ப்பாகிறது. இத்தீர்ப்பு நியாயமானதா? ஆளை ஆளென ஏற்பதற்கு எது போதிய சான்று? சான்றை இழந்தவனுக்குச் சமுதாயம் செய்யவேண்டிய கடமை யாது? இவை தொழில்நுட்ப வினாக்கள் போலத் தோன்றினும் அடிப்படையில் அறவியல் வினாக்களே.

வாழும் நிலைக்கேற்ப இவ்வினாக்களின் கூர்மை வேறுபடும். நகரத்தில் வசதியோடு வாழ்பவன் இலக்கத்தை இழப்பது அரிது. இழந்தாலும் தேசிய அடையாள அட்டையுடன் தொலைபேசி நிறுவனத்தின் கிளைக்குச் சென்றால் அதே இலக்கத்தில் புதிய சிம் அட்டையைப் பெற்றுவிடுவான். பதுளை மாவட்டத்துத் தோட்டப்புறங்களின் நிலை இத்துணை எளிதன்று. பசறை, லுணுகலை, நமுனுகுலை, ஹப்புத்தளை ஆகிய பகுதிகளில் ஒரு குடும்பத்துக்கு ஒரே தொலைபேசி என்பது புதுமையன்று. சிம் அட்டை தந்தையின் பெயரிலோ, உறவினர் ஒருவரின் பெயரிலோ எடுக்கப்பட்டிருக்கும். அவர் கொழும்பிலே கடையொன்றில் வேலை செய்யலாம். குவைத்திலே வீட்டுப் பணியில் இருக்கலாம். இலக்கத்தை மீட்க வேண்டுமெனின் பதிவிலுள்ளவரே நேரில் வரவேண்டும். பணமிடாது நெடுங்காலம் கிடந்த முற்கொடுப்பனவு இலக்கமோ செயலிழந்து, பின்னர் வேறொருவருக்கு வழங்கப்பட்டுவிடும். முகவரியைக் காட்டும் கட்டணப் பட்டியல் கேட்கப்படுமிடத்து இடர் மேலும் பெருகும். பல தோட்டங்களில் லயத்துக் காம்பிராவுக்கெனத் தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்தின் வழியாகவே வந்து சேர்கின்றன.

மலையே சரிந்து வந்தால் என் செய்வது? 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் நிகழ்ந்த மண்சரிவு லயங்களைப் புதைத்தது. உயிர் பிழைத்தோர் இழந்தவற்றுள் உறவும் உறைவிடமும் மாத்திரமன்றி, தாம் யாரெனக் காட்டும் பத்திரங்களும் பொருள்களும் அடங்கும். இத்தகைய ஒருவரிடம் முன்னர் பதிந்த இலக்கத்தைக் காட்டுமாறு கேட்கும் முறை எத்துணை ஒழுங்கானதாயினும் அறமுடையது எனல் ஆகாது.

இம்முறையின் குறை எங்கேயுள்ளது என்பதை அறிவதற்குத் தமிழ்ச் சைவ மெய்யியல் ஒரு நல்ல கருவியைத் தருகின்றது. சிவஞான சித்தியாரின் அளவை இயல், அறிவுக்கு வாயில்களாகக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றைக் கொள்கிறது. நேரிற் காண்பது காட்சி. புகையைக் கண்டு தீ உண்டெனத் துணிவது கருதல். நம்பத்தக்கார் கூற்றால் அறிவது உரை. சித்தாந்திகள் உரை எனச் சிறப்பாகக் கொண்டது ஆகமங்களையே எனினும், நம்பத்தக்கார் வாய்மொழி அறிவைத் தரும் என்னும் பொதுக் கருத்து ஈண்டுப் பொருந்தும். லயத்து அயலார் ஒருவரை அறிவது காட்சியினால். கிராம உத்தியோகத்தரின் உறுதிச் சான்றினால் அறிவது உரை. பொறிக்கோ காட்சி இல்லை. உரையை அது ஏற்பதுமில்லை. கருதல் ஒன்றே அதன் அளவை. அக்கருதலுக்கு ஏதுவாக அது கொண்டது இலக்கத்தை.

ஏது ஒன்று பயன்பட வேண்டுமாயின், அதற்கும் அதனாற் கருதப்படும் பொருளுக்கும் பிரிவில்லாத் தொடர்பு இருத்தல் வேண்டும். தீயின்றிப் புகை எழாது. ஆதலால் புகை தீயைக் காட்டும். ஆனால் ஆளின்றியும் இலக்கம் இருக்கும்; இலக்கமின்றியும் ஆள் இருப்பான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2021 இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. அமெரிக்காவின் இரு பெரும் தொலைபேசி நிறுவனங்கள் புதிய வாடிக்கையாளருக்கு வழங்கவிருந்த இலக்கங்களுள் 259 ஐ அவர்கள் ஆராய்ந்தனர். அவற்றுள் 171 இலக்கங்கள் பிரபலமான இணையத்தளங்களில் முன்பே உள்ள கணக்குகளோடு இன்னமும் பிணைந்திருந்தன. புதிதாக இலக்கம் பெறுபவன் மனம் வைத்தால் முன்னவனின் கணக்குகளுட் புகலாம் என்பதே இதன் பொருள். உரியவன் வெளியே நிற்க, முன்பின் அறியாதவன் உள்ளே அழைக்கப்படுகின்றான். இங்கே பொறி பொய் சொல்லவில்லை. புகையல்லாத ஒன்றைப் புகையென்று கொண்டுவிட்டது.

அடையாளத்தை ஆளாகக் கொள்ளும் இப்பிழை பொறிகளோடு பிறந்ததன்று. சாகுந்தலத்தில் துருவாசரின் சாபத்தால் துஷ்யந்தன் மறந்துவிடுகின்றான். மோதிரம் நீரில் நழுவியமையால் சகுந்தலை அவையிலே மறுக்கப்படுகின்றாள். மீனின் வயிற்றிலிருந்து மோதிரம் மீண்டதும் அவன் நினைவும் மீள்கிறது. மோதிரமா அவளை மனைவியாக்கியது? அது கிடைப்பதற்கு முன்பும் அவள் மனைவியே. சிலப்பதிகாரமோ இதனினும் கொடிய பிழையைக் காட்டுகிறது. புறத்தோற்றத்தால் அரசியின் சிலம்பை ஒத்திருந்தது என்பதே கோவலனைக் கொல்வதற்குப் போதிய ஏதுவாயிற்று. உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று எவரும் கேட்கவில்லை. கண்ணகி உடைத்துக் காட்டிய பின்னரே அவ்வினாவின் இன்றியமையாமை புலனாயிற்று. அப்பொழுது தீர்ப்பைத் திருத்துவதற்குக் கோவலன் இல்லை.

மலையகத் தமிழரின் வரலாற்றை அறிந்தோர்க்கு இவை வெறுங் கதைகளாகத் தோன்றா. 'துண்டு' எனப்பட்ட சீட்டின்றி ஒரு தோட்டத்துத் தொழிலாளி மற்றொரு தோட்டத்திலே வேலை பெற முடியாதிருந்த காலம் ஒன்று இருந்தது. அவனுடைய உழைப்பும் திறமும் கண்முன் நின்றாலும் கடன் தீர்ந்தமையைக் காட்டும் துண்டே அவனுக்காகப் பேசவேண்டியிருந்தது. 1921 இல் சட்டத்தால் அம்முறை ஒழிந்தது. எனினும் 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தந்தை இலங்கையிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. 1949 இல் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டமோ, மணமானோர் 7 ஆண்டுகளும் மணமாகாதோர் 10 ஆண்டுகளும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமையை நிறுவுமாறு கோரியது. விண்ணப்பிப்பதற்கு அளிக்கப்பட்ட அவகாசம் 2 ஆண்டுகளே. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றோர் ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவானோரே. தேயிலைச் செடிகளுக்கிடையே வாழ்நாள் முழுவதையும் கழித்தவர்கள், அங்கே வாழ்ந்ததைத் தாளிற் காட்ட இயலாமையால் வாழாதவர் ஆயினர்.

பின்னர் 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் பிரசைகளாவர் என அது விதித்தது. சமாதான நீதவானின் ஒப்பம் பெற்ற பிரகடனம் ஒன்று சான்றாக ஏற்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் நடத்தப்பட்ட இயக்கத்தின்போது சில நாட்களுக்குள்ளேயே ஏறத்தாழ 1,90,000 பேர் உரிமை பெற்றனர். மக்கள் மாறவில்லை, அவர்கள் வாழ்ந்த மண் மாறவில்லை, கேட்கப்பட்ட வினாவே மாறியது. அளவையியல் மொழியிற் கூறின், கருதலால் மூடப்பட்ட கதவு உரையினால் திறக்கப்பட்டது. குடியுரிமையும் இணையக் கணக்கும் கனத்தால் ஒப்பானவை அல்ல. ஆயினும் நிறுவும் சுமை முழுவதையும் இழந்தவன் தோளிலேயே ஏற்றும் நியாயம் இரண்டிலும் ஒன்றே.

இதற்கு ஒரு வலிய மறுப்பு உண்டு. பூட்டு கடுமையாக இருப்பது உரியவனின் நன்மைக்காகவே அன்றோ? சொல்லை நம்பித் திறந்தால் வஞ்சகனும் அதே சொல்லைச் சொல்வான். 2019 ஓகஸ்ட் மாதத்தில் டுவிட்டர் நிறுவனத்தின் தலைவராயிருந்த ஜாக் டோர்சியின் கணக்கே பிறர் கைக்குச் சென்றது. தொலைபேசி நிறுவனத்தின் பாதுகாப்புத் தவறினால் அவருடைய இலக்கம் மற்றோரிடம் சேர்ந்தமையே காரணம். நிறுவனத் தலைவருக்கே இக்கதியாயின், தோட்டத்து இளைஞனின் கணக்கைக் காப்பது யார்? இரங்கித் திறக்கும் கதவு திருடனுக்கும் இரங்கும் என்பது பொய்யன்று.

ஆயின் இம்மறுப்பு நிறுவுவது யாது என்று நோக்குதல் வேண்டும். தவறுகள் இருவகைப்படும் என்பதையே அது நிறுவுகிறது. பொய்யனை உள்ளே விடுவது ஒன்று. மெய்யனை வெளியே தள்ளுவது மற்றொன்று. முதற்றவறு நிகழின் கூக்குரல் எழும். நிறுவனத்தின் பெயர் கெடும். இரண்டாந் தவறு ஓசையின்றி நிகழும். தள்ளப்பட்டவனின் துயரம் எந்தக் கணக்கேட்டிலும் ஏறாது. இதனாலேயே நிறுவனங்கள் முதற்றவறை மாத்திரம் அஞ்சுகின்றன. அறமோ இரண்டையும் ஒருங்கே அஞ்சச் சொல்கிறது. எதனைப் பின்னர் திருத்த முடியாதோ அதனைக் கூடுதலாக அஞ்சச் சொல்கிறது. வெளிநாட்டிலிருந்து தாய் பல ஆண்டுகளாக அனுப்பிய குரற்பதிவுகளை ஒரு மகள் என்றென்றும் இழப்பது திருத்தக்கூடிய தவறன்று.

நடுவழி இல்லாமலும் இல்லை. சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட வரலாற்றிலே, கிழவேதியர் காட்டிய ஓலை கிழித்தெறியப்பட்டது. அத்துடன் வழக்கு முடியவில்லை. கிழிந்தது படியோலையே என்று கூறி, மூலவோலையைத் திருவெண்ணெய்நல்லூர் அவையின் முன் அவர் வைத்தார். அவையினர் சொல்லை நம்பி விடவுமில்லை. சான்று அழிந்ததெனக் கைவிரிக்கவுமில்லை. பாட்டனாரின் வேறு எழுத்தோடு ஒப்புநோக்கித் தீர்ப்புரைத்தனர். இணையக் கணக்கிற்கும் இவ்வாறு செய்தல் கூடும். கோரிக்கை வந்தவுடன் திறவாது சில நாட்கள் பொறுத்திருந்து, பழைய முகவரிகள் அனைத்திற்கும் அறிவித்து, மறுப்பார் இல்லாதவிடத்துத் திறக்கலாம். கணக்குக்குரியவர் முன்கூட்டியே பெயர் குறித்த நண்பர் ஒருவரின் உறுதியை ஏற்கலாம். ஆப்பிள் நிறுவனம் 2021 இலேயே இத்தகைய மீட்புத் தொடர்பாளர் முறையைக் கொண்டுவந்தது. சமாதான நீதவானின் ஒப்பம் நாட்டின் குடியுரிமைக்குப் போதுமாயின், மின்னஞ்சற் பெட்டி ஒன்றிற்கு மனிதச் சான்று முற்றிலும் போதாது என்பது எவ்வாறு பொருந்தும்?

உரியவனுக்கும் கடமை உண்டு. சிம் அட்டையைத் தன் பெயரிலேயே பதிதல், இலக்கத்தைக் கைவிடுமுன் கணக்குகளில் அதனை மாற்றுதல், மீட்பு எண்களைத் தாளில் எழுதிப் பிறப்புச் சான்றிதழோடு வைத்தல் ஆகியன அவனால் இயலும். படித்த பிள்ளைகள் இதனைத் தம் வீட்டாருக்கும் அயலாருக்கும் செய்துகொடுப்பது சிறு தொண்டாகாது. ஆனால் கவனமாக இருந்திருக்கலாமே என்னும் சொல் மண்சரிவில் அனைத்தையும் இழந்தவனிடம் சொல்லத்தக்கதன்று. முன்னெச்சரிக்கை தனிமனிதன் கடமை. எச்சரிக்கை தவறியவனுக்கும் வழி வைத்திருப்பது நிறுவனத்தின் கடமை. ஒன்று மற்றொன்றை நீக்காது.

அடையாளம் என்பது ஆளைச் சுட்டும் விரல் போன்றது. விரல் இல்லாதவிடத்தும் சுட்டப்படும் பொருள் இருந்துகொண்டே இருக்கும். சான்று கேட்பது தவறன்று. ஒரே சான்றைக் கேட்டு, அஃது இல்லையேல் ஆளே இல்லை என்று முடிப்பதே தவறு. நீ யார் என்று கேட்கும் உரிமை எந்த வாயிலுக்கும் உண்டு. விடையைக் கேட்பதற்குச் செவி ஒன்றையும் வைத்திருக்கும் வாயிலுக்கே அவ்வுரிமை தகும்.