தழும்போடு எழுந்திரு!

அழு. நன்றாக அழு. லாசருவின் கல்லறை முன்னால் இயேசுவே கலங்கி நின்றவர்தான்.

ஆனால் "இனி எனக்கு ஒன்றுமே இல்லை" என்கிறாயே, அதை நான் ஏற்க மாட்டேன்!

வாழ்க்கைத் துணையோ, பெற்ற பிள்ளையோ, நீ இழந்தது பெரிது. அந்த இடத்தை நிரப்ப யாராலும் முடியாது. அதற்காக நீயும் போய்விட்டாயா என்ன?

ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, திருச்சி சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி, மெயின்கார்டு கேட் பக்கம் எத்தனை முறை போயிருப்பாய்! தெப்பக்குளத்தருகே நிற்கும் கிறிஸ்து ஆலயத்தை ஒரு நாளாவது நின்று பார்த்தாயா?

1766-இல் அதை எழுப்பியவர் சுவார்ட்ஸ் ஐயர். பிரஷ்யாவில் பிறந்த மிஷனரி. 1750-இல் தரங்கம்பாடி வந்தவர், 1798-இல் தஞ்சையில் கண்மூடும்வரை பிறந்த ஊர் திரும்பவில்லை.

1763-இல் இதே திருச்சியில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. படைவீரர்கள் மாண்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அநாதையாக நின்றார்கள்.

"ஏன் ஆண்டவரே?" என்று சுவார்ட்ஸும் கேட்டிருப்பார். யார்தான் கேட்காமல் இருப்பார்கள்? ஆனால் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினார்!

பதில் கிடைக்கும்வரை பசித்த பிள்ளைகள் காத்திருப்பார்களா? உன் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் காத்திருப்பார்களா?

"அவர் போதகர். நான் சாதாரண ஆள்" என்பாய். அந்தச் சாக்கும் வேண்டாம். கிளாரிந்தாவைப் பார்!

தஞ்சையிலிருந்து வந்த பிராமணப் பெண். கணவனை இழந்தவள். அந்தக் காலத்தில் விதவையின் கதி என்னவென்று உனக்குத் தெரியாதா?

லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி அடைக்கலம் தந்தார். அவரோடு வாழ்ந்தாள். கிறிஸ்துவை அறிந்தாள். ஞானஸ்நானம் கேட்டாள்.

சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார்! மணமாகாமல் சேர்ந்து வாழ்கிறவளுக்கு முடியாது என்றார்.

பிறகு லிட்டில்டனும் இறந்தார். மறுபடியும் இழவு. மறுபடியும் தனிமை.

நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? "என்னை வேண்டாம் என்ற இடம் எனக்கும் வேண்டாம்" என்று ரோஷத்தோடு விலகியிருப்பாய் அல்லவா?

அவள் விலகவில்லை. மறுபடியும் கேட்டாள்!

1778-இல் பாளையங்கோட்டையில் அதே சுவார்ட்ஸின் கையால் ஞானஸ்நானம் பெற்றாள். 1780-இல் அங்கே 40 பேர் கொண்ட ஒரு சிறு சபை இருந்தது. அதற்கு ஓர் ஆலயம் வேண்டும் என்று அவள் ஓயாமல் உழைத்தாள்.

ஆலயம் எழுந்தது. 1785-இல் அதைப் பிரதிஷ்டை செய்தவர் யார் தெரியுமா? அன்று மறுத்த அதே சுவார்ட்ஸ்!

திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்கத்தில் நிற்பவள் இந்த விதவை. இன்னுமா "என் கதை முடிந்தது" என்கிறாய்?

இறந்த கணவன் அவளுக்குத் திரும்பி வரவில்லை. விசுவாசம் வலியைத் துடைத்துவிடும் என்று உனக்கு யார் சொன்னது? உயிர்த்தெழுந்த ஆண்டவரின் கைகளிலேயே ஆணித் தழும்பு இருந்ததே! தோமா அதைக் கண்டுதானே நம்பினார்? உன் காயம் ஆறும். தழும்பு இருக்கும். இருக்கட்டும்!

ஜெபிக்க வார்த்தை வரவில்லையா? கண்ணீரோடு முழங்காலில் நில். அதுவும் ஜெபம்தான்.

தப்பு செய்துவிட்டேன், கறைபட்டுவிட்டேன் என்று பயப்படுகிறாயா? கிளாரிந்தாவுக்குத் திறந்த கதவு உனக்குத் திறக்காதா? தட்டினாயா? ஒரு முறை தட்டிவிட்டுத் திரும்பிவிட்டாயா?

முகம் கழுவு. கதவைத் திற. உன் தெருவிலேயே போன மாதம் ஒரு சாவு விழுந்திருக்கும். துக்கம் விசாரிக்க வந்த கூட்டம் அடக்கத்தோடு கலைந்திருக்கும். என்ன பேசுவதென்று தெரியாமல் அக்கம்பக்கம் ஒதுங்கிப் போகும்.

அந்த வீட்டில் எப்படி உட்கார வேண்டும் என்று உனக்குத் தெரியும். அங்கே போ. இன்றைக்கே போ!