மறுபடி பறக்கவிடலாமா?

அந்த ட்ரோன் பேட்டரி ஆடியது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. வளவில் ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் அதை வைத்து ஒரு முனையை விரலால் தொட்டேன். மறுமுனை மயிரிழை எழும்பித் தாழ்ந்தது. கண்ணாடி மேல் வார்க்கிற கல். அதில் மேடு பள்ளம் இருக்காது. உப்பியிருந்தது பேட்டரிதான்.

நடந்தது இவ்வளவே. அக்கா மகன் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவன். கானாடுகாத்தானில் காற்று இழுத்துப் போய், பூட்டிக் கிடந்த ஒரு வீட்டு ஓட்டின் மேல் அவன் ட்ரோன் விழுந்துவிட்டது. சாவி ஒரு பங்காளியிடம், சம்மதம் இன்னொரு பங்காளியிடம். கேட்டு வாங்கி இறக்குவதற்குள் நாட்கள் ஓடிவிட்டன. துடைத்தான், ப்ரொப்பல்லர்களை மாற்றினான், சார்ஜ் ஏற்றினான். முற்றத்தில் எழும்பி அசையாமல் நின்றது.

“நல்லாத்தான பறக்குது அம்மான்” என்றான்.

விழுந்த அடியைவிட, அணைக்க ஆளில்லாமல் வெயிலில் அது கிடந்த நாட்களே என்னை உறுத்தின. லித்தியம் செல் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்கும் வெகு கீழே வற்றிவிட்டால் உள்ளிருக்கும் தாமிரத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தத் தாமிரம் வேண்டாத இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். செல்லுக்குள் இருக்கும் திரவம் சிதைந்து வாயு சேர்ந்தால் உறை உப்பும். முற்றத்தில் ஒரு நிமிடம் நிற்பதைப் பார்த்து இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாது. பேட்டரி ஆராய்ச்சி நடக்கிற மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி இருக்கும் ஊர்தான் எங்கள் காரைக்குடி. 1953-ல் திறக்கப்பட்ட அந்த நிறுவனத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த அழகப்பச் செட்டியார், விமானம் ஓட்டக் கற்றவர். ஜூபிடர் ஏர்வேஸ் என்று விமானக் கம்பெனியே வைத்திருந்தவர். பறப்பதும் மின்வேதியியலும் ஒரே மனிதரின் ஆசையில் சேர்ந்திருந்தது எனக்கு எப்போதும் வியப்பு.

சின்ன வயதில் ஆயாவோடு சந்தைக்குப் போவேன். மண்பானையை விரல் முட்டியால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார்கள். கணீரென்றால்தான் வாங்குவார்கள். அப்படி வாங்கிய ஒன்று, உலை வைத்த அன்றே விரிசல் விட்டது. ஆயா யாரையும் திட்டவில்லை. “நான் தட்டுனப்ப அது அடுப்புல இல்லையே” என்றார்கள்.

விமான விபத்துகள் பற்றி எப்போதோ படித்த புத்தகத்தின் பெயர் மறந்துவிட்டது. அதில் வந்த காமெட் என்ற பயணிகள் விமானம் மட்டும் மறக்கவில்லை. 1954 ஜனவரி 10-ல் எல்பா தீவருகே ஒரு காமெட் கடலில் விழுந்தது. மற்றவற்றை நிறுத்திச் சோதித்து, சந்தேகப்பட்ட இடங்களையெல்லாம் திருத்தி, மார்ச் 23-ல் மறுபடி பறக்கவிட்டார்கள். ஏப்ரல் 8-ல் இன்னொன்று நேப்பிள்ஸ் அருகே விழுந்தது. பிறகுதான் ஒரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள்; உலோகம் களைத்து உடற்கூடு கிழிந்தது. முதலில் சோதித்தவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர். அவர்கள் தேடிய இடம் ஒன்று, விரிசல் வளர்ந்த இடம் வேறு.

பேட்டரியின் அந்த ஆட்டத்துக்கே மனம் திரும்பத் திரும்பப் போகிறது. சொரசொரப்பான சிமெண்டுத் தரையாக இருந்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது. அடுத்த முகூர்த்தத்தில் அந்த ட்ரோன் மணவறைக்கு மேலே போயிருக்கும். ட்ரோன் சத்தம் கேட்டால் குழந்தைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே அதன் கீழேதான் ஓடுகின்றன.

பேட்டரியைக் கழித்தாயிற்று. அதில் எனக்குத் தயக்கமே இல்லை. மிச்சம் இருப்பதுதான் கேள்வி. புது பேட்டரியோடு ஆளில்லாத கண்மாய்க் கரையில் தாழப் பறக்கவிட்டு, இறக்கியதும் மோட்டார் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கிறோம். நான்கிலும் ஒரே சூடு.

“இன்னும் எத்தனை தடவை அம்மான்?”

அவன் பிழைப்பு அது; நியாயமாகத்தான் கேட்கிறான். இதுவரை சரியாகப் பறந்தது அடுத்த தடவைக்குச் சாட்சி ஆகாது என்றால், கடையிலிருந்து வந்த புதிதை மட்டும் எதை வைத்து நம்பினோம்? கல்யாணக் கூட்டத்துக்கு மேலே மட்டும் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்லவைப்பது கணக்கா, வெறும் பயமா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.