மகாராஜனின் பந்தும் குமாஸ்தாவின் பந்தும்

குறையொன்றுமில்லாத பரம்பொருள் எந்தப் பிரயோஜனத்தைக் கருதி இவ்வுலகைப் படைத்தது என்ற கேள்வியைப் பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் எழுப்புகிறது. பிரயோஜனம் உண்டென்றால் ஈசுவரனுக்கும் ஏதோ குறை இருந்ததாக ஆகும். இல்லையென்றால் சிருஷ்டி பித்தனுடைய காரியம் போல் ஆகிவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே சூத்திரகாரர் கண்ட வழி, சிருஷ்டி வெறும் லீலை என்பது. அதற்கு உலகியலில் உதாரணம் காட்டப் புகுந்த சங்கரர், விரும்பியதெல்லாம் கைகூடிய அரசனோ அமைச்சனோ விளையாடுவதைச் சொன்னார். சொன்ன கையோடு, உலகத்து விளையாட்டில் சூக்ஷ்மமாகத் தேடினால் ஏதாவதொரு பிரயோஜனம் அகப்பட்டாலும் அகப்படலாம் என்று ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துக்கொண்டார். நம் ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜரோ இன்னும் திட்டமாக, ஏழு தீவுகள் அடங்கிய பூமண்டலத்தை ஆளும் மகாராஜன் லீலை ஒன்றையே கருதிப் பந்தாடுவதை ஸ்ரீபாஷ்யத்திலே எடுத்துக் காட்டினார்.

பந்து என்றதும் என் மனம் டில்லி கேட்டை அடுத்த அம்பேத்கர் ஸ்டேடியத்துக்குப் போய்விடுகிறது. உள்ளூர் லீக் ஆட்டங்கள் நடக்கும் பிற்பகல்களில் அங்கே படிக்கட்டுகளில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் ஆடுகிறவர்களின் அண்ணன் தம்பிகளும், பென்ஷன் வாங்கும் சில கிழவர்களுமே. கிளப்பின் காரியதரிசி பந்துகளை வலைப்பையில் கட்டி ஆட்டோவிலிருந்து தாமே இறக்குகிறார். ரப்பர் வளையம் போட்ட பதிவுக் கார்டுகளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக எண்ணுகிறார். ஒரு கார்டு குறைந்தால் அவர் முகம் வாடுகிற வாட்டம், மகளின் ஜாதகம் தொலைந்த தகப்பனின் வாட்டம்தான். அந்த மனிதருக்கு இதில் தம்பிடி வருமானம் கிடையாது. ஏழு தீவுகளும் கிடையாது. பின் எதற்காக ஆட்டமும் அலைச்சலும் என்பதே என் கேள்வி.

இந்நகரத்துக் கால்பந்தின் சரித்திரத்தில் மகாராஜர்கள் இல்லாமலில்லை. வெளியுறவுக் காரியதரிசியாக இருந்த மார்ட்டிமர் டூரண்ட் 1888-ல் சிம்லாவில் ஏற்படுத்திய கோப்பையை முதலில் வென்றது ராயல் ஸ்காட்ஸ் ஃப்யூஸிலியர்ஸ் என்ற பட்டாளம். நாட்டை ஆண்டவர்கள் ஓய்வு வேளையில் தங்களுக்குள் ஆடிக்கொண்ட ஆட்டம் அது. 1940-ல் அப்போட்டி டில்லிக்கு வந்தது. அவ்வாண்டே கல்கத்தா முகம்மதன் ஸ்போர்ட்டிங், ராயல் வார்விக்ஷயர் படையை இரண்டுக்கு ஒன்று என வென்று கோப்பையை எடுத்துச் சென்ற செய்தியை யாவரும் எழுதியாகிவிட்டது. எழுதப்படாதவை, சர்க்கார் காகிதக் கட்டுகளோடு ஆண்டுதோறும் மலைக்கும் சமவெளிக்கும் பயணம் செய்த குமாஸ்தாக்களையும், வேலை தேடி வந்தேறியவர்களையும் நம்பித் தோன்றிய சிறு கிளப்புகள். சிம்லா யங்ஸ் என்ற பெயரே அந்த இடமாற்றத்துக்குச் சாட்சி. கட்வால் மலைகளிலிருந்து பிழைப்புக்காக வந்தவர்கள் 1953-ல் கட்வால் ஹீரோஸ் என்ற கிளப்பைத் தொடங்கினார்கள். ஊரில் நிலம் துண்டு துண்டாக, மணியார்டரை எதிர்பார்த்துத் தாய் காத்திருக்க, குவார்ட்டர்ஸில் ஓர் அறையை நாலு பேர் பங்கிட்டுக்கொள்ளும் வாழ்க்கை; அப்படிப்பட்டவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததற்கு அடையாளம் ஒரு பந்து.

கடல்களுக்கு அப்பாலும் கதை ஏறக்குறைய இதுவே. டப்ளின் நகரின் போஹீமியன் கிளப் 1890 செப்டம்பரில் ஃபீனிக்ஸ் பூங்காவின் வாயிற்காவல் வீட்டில் கூடித் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களில் ஒரு பகுதியினர் சிவில் சர்வீஸ் பரீக்ஷைக்குப் பாடம் சொல்லித்தந்த ஒரு கல்லூரியின் மாணவர்கள். இன்னொரு பகுதியினர் ராணுவப் பள்ளிப் பிள்ளைகள். ஆபீஸ் நாற்காலிக்காகக் காத்திருந்த அந்த வாலிபர்கள் அமைத்த கிளப், 1969 வரை ஆட்டக்காரன் எவனுக்கும் சம்பளம் கொடுக்காமலே நடந்தது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கூலியின்றி ஆடுவதென்பது சாமானிய விரதமன்று. (அந்த அயர்லாந்துத் தீவில் பிறந்த நிவேதிதையின் குருநாதர் விவேகானந்தர்தாம், 1897-ல் சென்னை வாலிபர்களைப் பார்த்து, கீதையைப் படிப்பதைவிடக் கால்பந்து ஆடினால் சுவர்க்கத்துக்குச் சமீபமாகப் போவீர்கள் என்றவர். அவர் கருதியது தேகபலத்தை. கால்பந்து மைதானத்திலே கீதையின் பிரச்னையே வேறு உருவில் உட்கார்ந்திருப்பதை அவர் அப்போது சொல்ல வேண்டியிருக்கவில்லை.)

பலனில் பற்றில்லாமல் கர்மம் செய் என்பது உபதேசம். ஆனால், ஜெயிக்க வேண்டுமென்ற ஆசையில்லாமல் பந்தை உதைப்பவன் ஆடுகிறவனே ஆகமாட்டான். அவனை எதிர்த்து ஆடுவதும் அவமானம். தொண்ணூறு நிமிஷம் கோல் ஒன்றே லோகத்தின் சாரம் என்று நம்பி மூச்சிரைக்க ஓடுகிறான். விசில் ஊதியதும் அந்தச் சாரம் ஆவியாகிவிட, தன்னைத் தடுக்கி விழவைத்தவனோடு குழாயடியில் முழங்காலைக் கழுவுகிறான். பலனை முழுமனத்தோடு நாடுவதும் அதைச் சட்டென்று விட்டுவிடுவதும் ஒரே நெஞ்சில் நடக்கக்கூடும் என்பதற்கு இதைவிட எளிய பிரத்யக்ஷம் எனக்குத் தெரியவில்லை.

அதே ஸ்டேடியத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், அசோகன் தூண் நிற்கும் பெரோஸ் ஷா கோட்லாவின் இடிபாடுகளில், வியாழக்கிழமைதோறும் ஜனங்கள் ஜின்களுக்கு மனுப் போடுகிறார்கள். வழக்கு, வியாதி, கல்யாணம், வேலை என்று எழுதி, விலாசமும் புகைப்படமும் இணைத்து, சர்க்கார் ஆபீசுக்குக் கொடுப்பது போலவே நகல்கள் எடுத்து மாடத்துக்கு ஒன்றாக வைக்கிறார்கள். இங்கே பலனுக்காகக் கெஞ்சுகிறார்கள், அங்கே பலனை மறந்து ஆடுகிறார்கள் என்று பிரித்துப் பேசிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அது பொய். பந்தாடும் பையனுக்கும் ஒரு மனு உண்டு. ரயில்வேயிலோ பாங்கியிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைக்காதா என்பது அவன் உள்ளத்தின் ஒரு மூலையில் இருக்கிறது. அவன் தகப்பன் உள்ளத்திலோ நடுக்கூடத்திலேயே இருக்கிறது. சங்கரரின் எச்சரிக்கை வீண்போகவில்லை.

இதனால் அவன் ஆட்டம் மகாராஜனுடையதை விடத் தாழ்ந்ததா? நான் அப்படி நினைக்கவில்லை. குறையற்ற மன்னன் ஆடிய ஆட்டத்துக்கு இந்த ஊரே ஓர் உதாரணம் வைத்திருக்கிறது. ராஜசூயம் முடித்து, திக்கெல்லாம் திறை கொணர்ந்து குவிக்க, இந்திரப்பிரஸ்தத்தில் வீற்றிருந்த யுதிஷ்டிரனுக்கு என்ன குறை? அவன் அஸ்தினாபுரம் போய் ஆடியது நாட்டையும் தம்பிமாரையும் தன்னையும் மனைவியையும் விழுங்கிற்று. நிறைவிலிருந்து விளையாட்டுப் பிறக்கிறதென்ற சித்தாந்தம் ஈசுவரனுக்குப் பொருந்தட்டும். மனிதர்களுக்குள்ளே, இல்லாதவர்கள் கூடி ஆடும்போது அந்தச் சிறிது நேரம் நிறைவு உண்டாகிறது என்றுதான் டில்லியின் கிளப்புகள் காட்டுகின்றன.

ஈசுவரனுக்கும்கூட அது முழுக்கப் பொருந்துமா என்று தமிழன் ஒருவன் ஐயுறலாம். மதுரையிலே சொக்கநாதர் நிகழ்த்திய அறுபத்துநான்கு திருவிளையாடல்களுள் ஜனங்கள் நெஞ்சில் ஆழப் பதிந்தது, அவர் அரசராக வந்ததன்று. பாண்டியன் ஆணைப்படி வைகைக் கரையில் தன் பங்கை அடைக்க வேண்டியிருந்த, பிட்டு விற்கும் கிழவி வந்தியின் கூலியாளாக வந்ததுதான். உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பேசி, வாங்கித் தின்றுவிட்டு, மண்ணைச் சுமப்பதற்குப் பதிலாக ஆடினார், பாடினார், படுத்து உறங்கினார். பாஷ்யங்களின் மகாராஜனுக்குப் பக்கத்தில் இந்தக் கூலியாளை நிறுத்திப் பார்க்க யாரும் துணிந்ததாகத் தெரியவில்லை.

போஹீமியன் கிளப் 1969-ல் சம்பளக்காரர்களைச் சேர்த்தபோது ஒரு புனிதம் போயிற்றென்று வருந்தியவர்கள் உண்டு. டில்லியின் பழைய கிளப்புகளுள் சிலவும் இன்று ஒப்பந்தம் எழுதி ஆட்டக்காரர்களை எடுக்கின்றன; அதற்கும் பெருமூச்சு விடுகிறார்கள். எனக்கு அந்த வருத்தமில்லை. கூலி வாங்காமல் ஆடுவது வசதியுள்ளவனுக்கு எளிது. பனியன் துவைக்க இன்னொருவர் இல்லாதவனுக்கு எளிதன்று. பிட்டு வாங்கித் தின்றதனால் சொக்கநாதரின் ஆட்டம் ஆட்டமல்லாமல் போய்விடவுமில்லை. நான் அஞ்சுவது கூலிக்கன்று, எவன் பங்குக் கரை அடைபட்டது, எவனுடையது அடைபடவில்லை என்று மட்டுமே பார்த்துப் பாண்டியனிடம் ஓடுகிற கங்காணிகளுக்கு. மாதச் சந்தா கட்டிப் பிள்ளைகளைக் கால்பந்து அகாடமியில் சேர்த்துவிட்டு, கோட்டோரம் நின்றுகொண்டு, பாஸ் கொடுத்ததற்காக எட்டு வயதுப் பையனை அதட்டும் தகப்பனார்களை இப்போது டில்லியின் எந்தப் பேட்டையிலும் பார்க்கலாம்.