கலைஞன் தன்னைப் பேசும்போது

அளவெட்டி என்ற ஊர்ப்பெயரைக் கேட்டதும் ஈழத்து இசைச் சுவைஞரின் செவியில் தவிலும் நாதசுரமும் ஒலிக்கத் தொடங்கும். இணுவிலிற் பிறந்து அளவெட்டியை வாழ்விடமாகக் கொண்ட தவில் மேதை வி. தட்சணாமூர்த்தி (1933–1975), நாதசுர வித்துவான் என். கே. பத்மநாதன் ஆகியோரின் பெயர்கள் அந்த ஊர்ப்பெயரோடு பிரிக்கமுடியாதவாறு பிணைந்துவிட்டன. திருவிழா இரவுகளில் நள்ளிரவு கடந்தும் மேளச்சமாவுக்காக வீதி மணலிற் காத்திருந்த கூட்டத்தை நம்மில் மூத்தோர் அறிவர். கமக்காரரும் ஆசிரியரும் சுருட்டுத் தொழிலாளரும் அக்கூட்டத்தில் இருந்தனர். தட்சணாமூர்த்தியின் விரல்களை அவர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த விரல்களுக்குரிய மனிதனை எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் எதற்கு அஞ்சினார், எதனால் நொந்தார், நாற்பத்திரண்டு வயதை எட்டுமுன் முடிந்துபோன தமது வாழ்வை எவ்வாறு எண்ணிப் பார்த்தார் என்று கேட்டவர் எத்தனை பேர்?

இந்தக் கேள்வியை இன்று எழுப்புவதற்குக் காரணம் உண்டு. ஆடுவோரும் பாடுவோரும் நடிப்போரும் தம்மைப் பற்றி மனந்திறந்து பேசும் காலம் இது. தமது பிறப்பு, தமது பால் அடையாளம், மனநோய், மதுப்பழக்கம், அகதி வாழ்வு, இவற்றிலிருந்து மீண்ட வழி ஆகியவற்றை அவர்கள் சபையறியச் சொல்கிறார்கள். சிலர் அதனை வரவேற்கின்றனர். சிலர் முகஞ் சுளிக்கின்றனர். வேறு சிலர் அதனை விலைப்படுத்துகின்றனர். இத்தகைய பேச்சின் அறம் யாது, அதைக் கேட்கும் நமக்குள்ள கடமை யாது என்பதே நாம் இங்கு ஆராய முற்படும் பிரச்சினை.

நிலவுடைமைச் சமுதாயம் கலைஞனோடு விசித்திரமான ஓர் ஒப்பந்தம் செய்திருந்தது. அவன் ஒலி எழுப்பலாம். தன்னைப் பற்றிச் சொல்லெழுப்பலாகாது. பெரியமேளமின்றிக் கோயிலில் கொடியேறாது. கெட்டிமேளம் முழங்காமல் மணமகளின் கழுத்தில் தாலி ஏறாது. ஆனால் அதனை முழக்கியவர் அந்த வீட்டில் எங்கே அமர்வது, எந்தப் பந்தியில் உண்பது என்பதைச் சாதியே தீர்மானித்தது. சின்னமேளம் என்ற பெயரில் ஆடவந்த பெண்களின் நிலை இதனினும் இழிவாக இருந்தது. இரவில் அவர்கள் ஆட்டத்தைக் கண்கொட்டாமற் பார்த்த பெரிய மனிதர்களே, விடிந்ததும் அவர்களை ஒழுக்கத்துக்குக் கேடு என்று பழித்தனர். கலையை நுகர்ந்து கலைஞனை ஒதுக்குவதில் எந்த முரணையும் அச்சமுதாயம் காணவில்லை.

அந்த ஒப்பந்தத்தை மீறியவர்கள் இருந்தார்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) குடுமியைக் களைந்தார், கோட்டு அணிந்தார், வாய்ப்பாட்டு வித்துவான்களைப் போல மேடையில் அமர்ந்து வாசித்தார். அன்று பலர் அதனைத் தலைக்கனம் என்றனர். உண்மையில் அது ஒரு சாட்சியம். தன் குலத்தார் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதை அவர் உடையாலும் அமர்வாலும் சபைக்குச் சொன்னார். அளவெட்டியிற் பிறந்த கவிஞர் மஹாகவி (து. உருத்திரமூர்த்தி, 1927–1971) தமது 'கோடை' என்ற பா நாடகத்துக்கு ஒரு நாதசுரக் கலைஞரின் இல்லத்தையே களமாக எடுத்துக்கொண்டார். கலையை நம்பி வாழ்வதா, உத்தியோகத்தின் நிழலில் ஒதுங்குவதா என்னும் போராட்டம் அந்த வீட்டுக்குள் நடக்கிறது. கோயில் வீதியில் நின்று நாம் கேட்ட இசைக்குப் பின்னால் ஓர் அடுப்படி இருக்கிறது, அங்கே கவலைகள் இருக்கின்றன என்று ஒரு கவிஞர் நமக்குக் காட்டவேண்டியிருந்தது.

கலைஞன் தன்னைப் பேசுவதற்கு எதிராக இரண்டு வாதங்கள் வைக்கப்படுகின்றன. முதலாவது, கலையே போதும். கலைஞனின் சொந்த வாழ்வு நமக்கு எதற்கு என்பது. கேட்பதற்கு உயர்ந்த வாதம் போலத் தோன்றும். ஆனால் இவ்வாறு சொல்வோர் பெரும்பாலும் தமது பிறப்பையோ வாழ்வையோ மறைக்கவேண்டிய தேவை இல்லாதவர்கள். பரம்பரைச் செல்வமும் குலப்பெருமையும் உடைய வித்துவானின் வரலாறு மலர்களிலும் பாராட்டுரைகளிலும் தாராளமாக இடம்பெறுகிறது. அங்கே எவரும் 'சொந்த வாழ்வு எதற்கு' என்று கேட்பதில்லை. தாழ்த்தப்பட்டவர் வாய் திறக்கும்போதுதான் கலையின் தூய்மை நினைவுக்கு வருகிறது.

இரண்டாவது வாதம் நமது அணியிலிருந்தே எழுவது. தனிமனிதன் தன் நோவைச் சொல்லி அழுவது நடுத்தர வர்க்கத்தின் ஆடம்பரம்; சமுதாய மாற்றத்துக்கு உழைப்போருக்கு அதனால் என்ன பயன் என்பது. இதனை நாம் மதித்தே ஆராயவேண்டும்; ஏனெனில் இதில் ஒரு பகுதி உண்மை இருக்கிறது. ஆனால் நமது சொந்த வரலாறு கூறுவது வேறு. 1966 அக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தையும், அளவெட்டிக்கு அண்மையிலுள்ள மாவிட்டபுரத்தில் 1968இல் நடைபெற்ற ஆலயப் பிரவேசப் போராட்டத்தையும் எண்ணிப் பார்ப்போம். தேநீர்க் கடையில் வேறு பாத்திரத்தில் வாங்கிக் குடித்த ஒருவன், கோயில் வாயிலில் மறிக்கப்பட்ட ஒருத்தி, தத்தம் அவமானத்தை முதலில் ஒரு வாய்ச்சொல்லாகத்தான் வெளியிட்டார்கள். 'எனக்கு இது நேர்ந்தது' என்று ஒருவர் சொல்ல, 'எனக்குந்தான்' என்று மற்றவர் சொல்ல, அதன் பிறகே அது இயக்கமாயிற்று. தனி நோவு பொது நோவாக அறியப்படுவதற்கு முதற்படி, அது சொல்லப்படுவதே.

இந்த உண்மையைத் தமிழின் பழைய இலக்கியம் நன்கு அறிந்திருந்தது. பத்துப்பாட்டில் ஆற்றுப்படை நூல்கள் உள்ளன. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனுக்குத் தான் பட்டதையும் பெற்றதையும் சொல்லி வழிகாட்டுவது அவற்றின் அமைப்பு. சிறுபாணாற்றுப்படையில் வரும் ஒரு காட்சியை ஆசிரியர்களாகிய நாம் ஆண்டுதோறும் வகுப்பிற் சொல்கிறோம். கூரை சிதைந்த அடுக்களை. கண் திறவாத குட்டிகளுக்குப் பால் கொடுக்க இயலாத நாய். கிணைப்பறை கொட்டுவோனின் மனைவி குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி உப்பின்றி அவிக்கிறாள். அயலார் கண்டால் நாணக்கேடு என்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு அதனை உண்கிறாள்.

நாம் இங்கு நிறுத்திச் சிந்திக்கவேண்டியது அந்தக் கதவைப் பற்றியே. பசியை உண்டாக்கியவள் அவளல்லள். இருந்தும் வெட்கப்படுகிறவள் அவளே. வறுமையைப் படைத்த சமுதாயம் அதனால் வரும் நாணத்தை வறியவரின் தலையிலேயே சுமத்திவிடுகிறது. ஆனால் பாணன் என்ன செய்கிறான்? அடைக்கப்பட்ட அந்தக் கதவை, வழியில் சந்தித்த சக கலைஞனுக்கு முன்னால் திறக்கிறான். 'உன் வீட்டில் உள்ளது என் வீட்டிலும் இருந்தது. வா, இந்த வழியாற் போ' என்பதே அவன் கூற்றின் சாரம். அனுதாபம் பெறுவதற்காக அவன் பேசவில்லை. மற்றவன் நடக்கவேண்டிய பாதைக்காகப் பேசுகிறான்.

போருக்குப் பின்னர் ஈழத்தில் மனவடுவுக்கு மருந்தாகச் செய்யப்படும் துணைப்பணியை 'ஆற்றுப்படுத்தல்' என்று அழைக்கிறோம். அது பொருத்தமான சொல். புண்ணை ஆற்றுதல், ஆறு என்னும் வழியிற் செலுத்துதல் ஆகிய இரண்டையும் நாம் அதிற் கேட்கிறோம். 1995 அக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் ஊரோடு இடம்பெயர்ந்தபோது, வீடுகளோடு திருவிழாக்களும் கைவிடப்பட்டன. அத்தகைய மக்களின் வடுக்களை மேடைக்குக் கொண்டுவரும் முயற்சி அதற்கு முன்னரே தொடங்கியிருந்தது. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'அன்னை இட்ட தீ' என்ற நாடகம் போர் உள்ளங்களில் விளைத்த சேதத்தைப் பொருளாகக் கொண்டது. தன் பித்துக்குத் தானே காரணம் என்று எண்ணிய ஒருவர், அதனை மேடையிற் கண்டு, காரணம் வெளியே இருப்பதை உணர்வாராயின், குணமடைதல் அங்கே தொடங்கிவிட்டது எனலாம்.

இன்று தம்மைப் பேசும் கலைஞர்களுள் ஆற்றுப்படுத்துவோர் என்று சொல்லத்தக்கவர் உளர். வீணை தனம்மாளின் பேர்த்தியாகிய பாலசரஸ்வதி (1918–1984), தாம் பிறந்த மரபை மறைக்காமல், அம்மரபின் ஆடலே தமது ஆடல் என்று நிமிர்ந்து நின்றார். மதுரையிற் பிறந்த திருநங்கையாகிய நர்த்தகி நடராஜ், இளமையில் ஏளனத்துக்கு ஆளாகி வீட்டைத் துறந்து, தஞ்சையில் கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்றார். 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 'நர்த்தகி' என்ற பெயரை அளித்தவர் அந்த ஆசானே. உலகம் வசைப்பெயர் இட்ட ஒருவருக்கு, ஓர் ஆசிரியர் கலைப்பெயர் இட்டார். ஆசிரியத் தொழில் செய்யும் நாம் இதனை எளிதிற் கடந்துபோகலாகாது. மாணவரின் அடையாளத்தைக் கேட்டு, ஏற்று, அதற்கு மதிப்புள்ள ஒரு பெயர் கொடுப்பதும் ஆற்றுப்படையே.

அல்லைப்பிட்டியிற் பிறந்த ஷோபாசக்தி மற்றோர் எடுத்துக்காட்டு. இளம் பராயத்தில் விடுதலைப் புலிகள் இயக்கத்திற் சேர்ந்து, பின்னர் விலகி, பிரான்சில் அகதியானவர் அவர். 2015இல் கான் விழாவில் தங்கப் பனை விருது பெற்ற 'தீபன்' திரைப்படத்தில் முதன்மைப் பாத்திரமேற்று நடித்தார். அப்பாத்திரத்தின் வாழ்வில் ஏறத்தாழப் பாதி தமது வாழ்வே என்றும் கூறினார். தமக்கு இழைக்கப்பட்டதோடு நில்லாமல், தாம் ஒருகாலத்தில் நம்பி நின்ற பக்கம் இழைத்ததையும் பேசுவதாலேயே அவர் பேச்சுக்கு அறவலிமை உண்டாகிறது. தன்மேல் விழுந்த அடியைச் சொல்வது நேர்மையின் ஒரு பாதி. தன் கை எவர்மேல் விழுந்தது என்பதையும் சொல்வது மறு பாதி. சாதிப் படிநிலை நிலவும் சமுதாயத்தில், மேலிருந்து உதைபடுகிறவர் கீழே உள்ளவரை உதைப்பவராகவும் இருக்கக்கூடும். அடையாளம் பற்றிய பேச்சு இந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுமாயின், அது விரைவில் குலப்பெருமையாகத் திரிந்துவிடும்.

இவ்விடத்தில் நாம் ஓர் எச்சரிக்கையும் செய்யவேண்டும். பழைய சமுதாயம் கலைஞனை ஊமையாக்கிற்று. இன்றைய வணிகமோ அவனை இடைவிடாது அழச்சொல்கிறது. தொலைக்காட்சி மேடையில் ஒரு சிறுமி பாடுவதற்கு முன் அவள் தந்தையின் வறுமையைக் காட்டி, தாயின் கண்ணீரை அண்மையிற் படம்பிடித்து, அதன் பின்னரே பாடவிடுகிறார்கள். அந்தக் கதவை அவள் திறக்கவில்லை, பிறர் உடைத்துவிட்டார்கள். திறப்பதற்கும் உடைப்பதற்கும் உள்ள வேறுபாடு அறவேறுபாடு. பேசும் உரிமை என்பது பேசாதிருக்கும் உரிமையையும் உள்ளடக்கியது. ஒரு கலைஞர் தமது வாழ்வை நம்மிடம் சொல்லாவிட்டால் அவர் நமக்குக் கடன்பட்டவர் ஆகமாட்டார்.

சொன்னாலோ, கடன்பட்டவர் நாமே. அவரது துயரைக் கேட்டுக் கண்ணீர் விட்டு, நல்ல மனிதர்கள் என்று நம்மை நாமே மெச்சிக்கொண்டு கலைந்துபோவது கேட்டலாகாது. அந்தத் துயரின் காரணங்களுள் நாம் எங்கே நிற்கிறோம் என்று கேட்பதே கேட்டல். மேளக்காரரின் பிள்ளை நமது வகுப்பில் இருந்தபோது அவன் குலத்தைச் சுட்டிச் சிரித்த சக மாணவனை நாம் கண்டித்தோமா? நமது வீட்டுத் திருமணத்தில் மேளம் வாசித்தவர் எப்போது உண்டார் என்று விசாரித்தோமா? சிறுபாணாற்றுப்படையின் அடுக்களையைப் பரீட்சைக்குரிய உவமைத் தொகுப்பாக மட்டும் கற்பித்துவிட்டு, அதே நாணத்தோடு அடைக்கப்பட்ட கதவு நமது ஒழுங்கையிலும் இருப்பதைக் காணாது போனோமா? இக்கேள்விகளுக்கு விடைசொல்ல முற்பட்டால், நாமும் நம்மைப் பற்றி மனந்திறந்து பேசவேண்டியிருக்கும். கலைஞனிடம் எதிர்பார்க்கும் வாய்மையைக் கேட்போரிடமும் எதிர்பார்ப்பது நியாயமே.

தட்சணாமூர்த்தி மறைந்து நாற்பது ஆண்டுகள் சென்றபின், 2015இல், அம்ஷன் குமார் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். அதற்கு இந்திய தேசிய விருதும் கிடைத்தது. போற்றத்தக்க பணி. ஆனால் மறைந்தவரின் வாழ்வைப் பிறர் நினைவுகளிலிருந்துதான் சேகரிக்கவேண்டும். அவரைக் கேட்க இனி இயலாது. இன்றும் அளவெட்டியிலும் அதன் அயலூர்களிலும் தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் புறப்படும் இளைஞர்கள் இருக்கிறார்கள். சமா முடிந்து அவர்கள் தவிலை இறக்கிவைக்கும்போது, நாம் கைதட்டிவிட்டு எழுந்து போகவேண்டியதில்லை. சற்றே அருகில் அமர்ந்து, அவர்கள் சொல்ல விரும்பினாற் கேட்கலாம். விரும்பாவிட்டாற் பக்கத்தில் அமர்ந்து தேநீர் அருந்தலாம். ஒரே பாத்திரத்தில், ஒரே வாங்கில்.