நரகத்தில் வீசும் தென்றல்

ஜப்பானின் ஹிரோஷிமா மாகாணத்தில், இகுச்சித் தீவில் இருக்கிறது கோசான்ஜி கோயில். எஃகுக் குழாய்த் தொழிலில் பொருள் சேர்த்த ஒருவர் தம் தாயின் நினைவாக 1936-இல் தொடங்கியது. அதன் நிலத்தடியில் சுமார் 350 மீட்டர் நீளத்துக்கு ஒரு செயற்கைக் குகை. நுழைந்ததும் நரகக் காட்சிகள். அவற்றைக் கடந்தால் வரிசை வரிசையாகப் புத்தர் சிலைகள். அம்மாவுக்கு எழுப்பிய கோயிலில் நரகம் எதற்கு என்று கேட்கத் தோன்றும்தான்.

ஜப்பானியரின் மனத்தில் இந்த நரகங்களை அழுத்தமாகப் பதித்தவர் கென்ஷின் என்ற துறவி. 985-இல் அவர் எழுதிய 'ஓஜோயோஷூ' எட்டு நரகங்களை விவரிக்கிறது. முதலாவதில் விழுந்தவர்கள் இரும்பு நகங்களால் ஒருவரையொருவர் கிழித்துச் சாகிறார்கள். உடனே குளிர்ந்த காற்று வீசுகிறது. எல்லாரும் உயிர்த்தெழுகிறார்கள், மறுபடி கிழித்துக்கொள்ள! அங்கே அடித்து வதைக்கும் நரகக் காவலர்களின் இரும்புத் தடியைவிட எனக்கு அந்தக் காற்றுதான் பயங்கரம். செத்தும் பகை விடவில்லையே.

ஆனால் பௌத்த நரகம் நிரந்தரமானதல்ல. எத்தனை யுகம் ஆனாலும், வினை தீர்ந்த அன்று அங்கிருந்து வெளியேறி வேறொரு பிறவி எடுக்கலாம்.