கைமாறும் மனையும் கள்ளாமை விரதமும்



திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் குகைத்தளத்தில் நம் முனிவர்கள் துயின்ற கற்படுக்கைகள் ஓராள் கிடக்கும் அளவினவே. இல்லறத்தார்க்கு அத்துணைச் சுருக்கம் விதிக்கப்படவில்லை. அளவு மட்டுமே விதிக்கப்பட்டது. உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில், மிகுபொருள் விரும்பாமை விரதத்தார் அளவு கடக்கலாகாத பொருள்களை எண்ணுங்கால், வயலையும் வீட்டையுமே முதலில் வைத்தார். பொன்னும் வெள்ளியும் பின்னரே வருகின்றன.

இன்று மனைத்தொழிலில் இருவர் உளர். ஒருவர், நில உரிமையாளருக்குச் சிறிது முன்பணம் தந்து, குறித்த தவணைக்குக் கிரய ஒப்பந்தம் எழுதிக்கொள்பவர். தவணைக்குள் வாங்குபவரைக் கொணர்ந்து கிரயம் முடிப்பித்து, விலையின் வேறுபாட்டை ஊதியமாகப் பெறுபவர். மற்றவர் முதலீட்டாளர். ஒருவரின்றி மற்றவர்க்குத் தொழில் நடவாது. ஆயினும் பூசலுக்குக் குறைவில்லை.

எம்மிடம் ஆசிரியப் பயிற்சி பெற்ற அம்மையார் ஒருவர், தம் பணிக்கொடையைக் கொண்டு கொள்ளிடத்தின் வடகரையில் மனை வாங்க முனைந்தார். ஒப்பந்தக்காரர் 11 இலட்சம் கேட்டு, 50,000 ரூபாய் முன்பணமும் பெற்றார். உரிமையாளரிடம் அவர் பேசியிருந்தது 9 இலட்சமே என்பது பின்னர்த் தெரியவந்தது. அம்மையார் கொதித்தெழுந்து, நேரே உரிமையாளரிடம் சென்று விலை பேசினார். ஒப்பந்தக்காரரோ முன்பணத்தைத் திருப்பித் தர மறுத்தார். தவணைக்கு 18 நாளே இருக்கையில் மூவரும் எம் திண்ணைக்கு வந்தனர்.

கொடாததைக் கொள்ளுதலே களவு என்பது நம் ஆகமநெறி. அந்த இடத்தைக் கண்டவர் ஒப்பந்தக்காரர். வில்லங்கச் சான்றெடுத்து, மூலப் பத்திரங்களைச் சரிபார்த்து அலைந்தவரும் அவரே. அவ்வுழைப்பின் பயனை அவரறியாமல் கொள்ள முனைந்ததும் களவின்பாற்படும் என்றோம். (அம்மையார் ஒரு வாரம் எம்மோடு பேசவில்லை.) ஒப்பந்தக்காரர்க்கும் ஒன்று கூறினோம். நம்பி வைத்த பொருளைக் கவர்தலைப் பொய்ப்பத்திரம் எழுதுதலோடு சேர்த்தே, வாய்மை விரதத்தின் அதிசாரங்களுள் ஆசாரியர் வைத்திருக்கிறார்.

2 இலட்சம் இலாபம் பாவமா என்று அவர் வினவினார். இலாபம் பாவமன்று, மறைத்ததே பிழை. விடை சரியாயினும் வழி எழுதாத கணக்கிற்கு முழு மதிப்பெண் இடலாகாது என்று பயிற்சி மாணவியர்க்கு ஆண்டுதோறும் கூறி வந்தவர்கள் நாம்.

திருவரங்கத்தில் மறைப்பின் கேடு இன்னும் பெரிது. அங்கே வீடு ஒருவருடையதாயினும், அதன் அடிமனை கோயிலுக்குரியது என்னும் வழக்கு நெடுங்காலத்தது. கோயில் நிலத்தை உரிய அனுமதியின்றிப் பதிவு செய்யப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு தடை விதிக்கிறது. இதனை அறிந்தும் உரையாது முன்பணம் பெறுபவர், வாங்குபவரின் முதுமைக்காலச் சேமிப்பையன்றோ முடக்குகிறார்! 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டமும், பதிவு செய்ய வேண்டிய திட்டங்களில் இடைநின்று விற்போர் தாமும் பதிவு பெறவேண்டும், வாங்குபவர் பெறுதற்குரிய ஆவணங்கள் அனைத்தும் அவருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது.

எம் திண்ணையில் ஒரு முழுத்தாளில் நான்கு வரி எழுதினோம்: உரிமையாளர்க்கு 9 இலட்சம், ஒப்பந்தக்காரர்க்கு 1 இலட்சத்து 40 ஆயிரம், முன்பணம் இதில் கழியும், பத்திரங்களை அம்மையாரின் வழக்கறிஞர் பார்த்த பின்னரே கிரயம். மூவரும் ஒப்பமிட்டனர். தவணைக்கு 2 நாள் முன்னதாகவே சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயம் முடிந்தது. திரும்பும் வழியில் ஒப்பந்தக்காரர் எம் வீட்டில் இறங்கி, அத்தாளின் படியொன்று வேண்டுமென்றார். லால்குடியில் வேறொரு மனை பேசிக்கொண்டிருக்கிறாராம்.